நுரை போன ஈரல்

மூச்சுத் திணறலோடு வரும் ஒருவருக்கு நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைக்கப் போகும்போது, அவரைப் புரட்டிப் பிடிக்க எனக்கு இன்னொருவர் வேண்டும். தாதியோ, சிற்றூழியரோ, கூட வந்த மகனோ, யாராவது ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்து நோயாளியைப் பக்கவாட்டில் சற்றுச் சரித்துத் தந்தால்தான் அந்தப் பரிசோதனை முழுமை பெறும். கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடத்தில், அந்த இன்னொருவரைத் தேடிப் பிடிப்பதே சில இரவுகளில் பெரும்பாடாகிவிடும். ஆனாலும் அதை நான் இப்போது விடுவதில்லை. ஏன் விடுவதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவ மாணவியாக இருந்தபோது, நுரையீரலுக்கும் ஸ்கேனுக்கும் சம்பந்தமில்லை என்றே நான் கற்றேன். அதற்குக் காரணம் இருந்தது. ஸ்கேன் கருவி உடலுக்குள் அனுப்புவது, பாடசாலையில் கழியொலி என்று படித்த, காதுக்கு எட்டாத ஒலி. அது தசையிலும் கொழுப்பிலும் ஈரலிலும் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் வேகத்தில் ஓடும். காற்றைச் சந்தித்த இடத்திலோ 99 சதவீதத்துக்கு மேல் அப்படியே திரும்பி வந்துவிடும். நுரையீரல் காற்றால் நிறைந்தது. ஆகவே அதற்குள் ஒலி புகாது. ஆகவே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த வாதத்தில் முதல் இரண்டு பகுதிகளும் சரி. மூன்றாவதுதான் பிழை.

நம் மொழி இந்த உறுப்புக்கு வைத்த பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று மூன்றையும் ஈரல் என்றுதான் சொல்கிறோம். நுரையீரல் என்பது நுரை நிறைந்த ஈரல். நியூமோனியா வந்த இடத்தில் காற்றறைகளுக்குள் சீழும் நீரும் இரத்த அணுக்களும் நிரம்பி, நுரை அடங்கிப்போகிறது. நுரை போனால் மிஞ்சுவது ஈரல். சடலங்களை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்களும் இதையே கண்டு, நியூமோனியா பிடித்த நுரையீரல் கல்லீரலைப் போல் கெட்டியாகிவிடுகிறது என்று எழுதினார்கள். நோயியலில் இன்றும் அந்தக் கட்டத்துக்குக் கல்லீரலாதல் என்றே பெயர். ஒலி காற்றுக்குள் புகாது, ஈரலுக்குள் புகும். அப்படியென்றால், நோய் வந்த இடந்தான் ஸ்கேனுக்குத் தெரியும் இடம். இந்த ஒரு விடயம் மனதில் உறைத்த நாளிலிருந்து எனக்கு அந்தத் திரை வேறாகத் தெரியத் தொடங்கியது.

இதை உலகுக்கு விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் டானியல் லிச்டென்ஸ்டைன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பாரிஸ் நகரை ஒட்டிய ஒரு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர். கடுமையான மூச்சுத் திணறலோடு வந்த 260 பேரின் நெஞ்சில் ஸ்கேன் வைத்து, அந்தக் கோலங்களை இறுதி நோயறிதலோடு ஒப்பிட்டு, 90.5 சதவீதமானவர்களில் இரண்டும் ஒத்துப்போனதாக 2008 இல் அவர் வெளியிட்டார். புளூ நெறிமுறை என்று இன்று நாங்கள் சொல்வது அதைத்தான். 2012 இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, கட்டிலருகே செய்யும் நுரையீரல் ஸ்கேனுக்கான பொதுப் பரிந்துரைகளை வெளியிட்டார்கள்.

திரையில் என்ன தெரிகிறது என்று சொல்லாமல் மேலே போனால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தோலில் வைக்கும் ஸ்கேன் கைப்பிடியைப் புரோப் என்போம். அதன் அடையாளப் பக்கம் தலையை நோக்கியிருக்க, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தால், மேலும் கீழும் இரண்டு கருநிழல்களும் அவற்றுக்கு நடுவில், விலா எலும்பின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ அரைச் சென்ரிமீற்றர் கீழே, ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். சிறகு விரித்த வௌவாலைப் போன்ற தோற்றம். அந்த வெள்ளைக் கோடு நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வு. மூச்சு விடும்போது அது முன்னும் பின்னும் வழுக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் எறும்புகள் ஊர்வதைப் போல இருக்கிறது என்பார்கள். காற்று நிறைந்த நல்ல நுரையீரலில், அந்தக் கோட்டின் எதிரொலிகள் சம இடைவெளியில் கீழே கீழே படுத்த கோடுகளாக விழும். அவை ஏ கோடுகள். காற்றறைகளின் சுவர்கள் நீர் கோத்துத் தடிக்கும்போது, சவ்விலிருந்து திரையின் அடிவரை வெளிச்சக் கீற்றுகள் செங்குத்தாக இறங்கி, படுத்த கோடுகளை அழித்துக்கொண்டு மூச்சோடு அசையும். அவை பீ கோடுகள். ஒரே விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பீ கோடுகள் நிறைந்து, சவ்வும் மிருதுவாக இருந்தால், பெரும்பாலும் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருந்து, சவ்வும் கரடுமுரடாக இருந்தால், தொற்றைப் பற்றி நினைக்க வேண்டும்.

முற்றிய நியூமோனியாவில் கோடுகளுக்கே இடமில்லை. திரையில் ஓர் உறுப்புத் தெரியும். வலப்பக்க அடியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டுக்குக் கீழே கல்லீரலும் மேலே இன்னொரு கல்லீரலும் இருப்பதைப் போல ஒரு தோற்றம். மேலே இருப்பதுதான் நுரையீரல். அதன் ஆழத்து ஓரம், கிழித்த துணியின் விளிம்பைப் போல ஒழுங்கில்லாமல் இருக்கும், ஏனென்றால் அதற்கப்பால் இன்னும் நுரை மிச்சமிருக்கிறது. உள்ளே வெள்ளைப் புள்ளிகளும் கிளைகளும் மினுங்கும். மூச்சுக்குழாய்களில் அகப்பட்ட காற்று அது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் புள்ளிகள் குழாய் வழியே ஓடினால், குழாய் திறந்திருக்கிறது, அடைபட்டுச் சுருங்கிய நுரையீரலாக இது இருக்க வாய்ப்புக் குறைவு, நியூமோனியா என்று துணிந்து சொல்லலாம். லிச்டென்ஸ்டைன் குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஓடும் புள்ளிகள் நியூமோனியாவைச் சுருங்கிய நுரையீரலிலிருந்து 94 சதவீதத் தனித்தன்மையோடு பிரித்துக் காட்டின, அதாவது நியூமோனியா இல்லாத நூறு பேரில் 94 பேரிடம் அவை தெரியவில்லை. ஆனால் நியூமோனியா இருந்தவர்களில் 61 சதவீதத்தினரிடமே அவை காணப்பட்டன. கண்டால் நம்பலாம், காணாவிட்டால் அதை வைத்து நியூமோனியாவை விலக்க முடியாது. இந்த வேறுபாட்டைப் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி, நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், புரோபைக் கையில் பிடிக்கக் கற்றுக் கொஞ்ச நாளே ஆகியிருந்த காலத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமலும் சொல்லும்படியாக இல்லை. “ரெண்டு நாளாச் சாப்பாடு இல்ல டொக்டர், பேச்சும் மாறாட்டமா இருக்கு” என்றார் மருமகள். இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 91 சதவீதம். அந்த அம்மா மல்லாந்து படுத்திருந்தார். நான் நெஞ்சின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக நான்கு இடங்களில் புரோபை வைத்தேன். நான்கிலும் அழகான ஏ கோடுகள். சவ்வும் நன்றாக வழுக்கியது. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன என்று குறிப்பில் எழுதினேன். கட்டிலிலேயே எடுத்த எக்ஸ்ரேயில் இடப்பக்க அடி இதய நிழலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. என் ஸ்கேன் தெளிவாக இருந்ததால் அந்த மறைவைப் பற்றி நான் மேலும் யோசிக்கவில்லை. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தன. சிறுநீர்த் தொற்று என்று முடிவுகட்டி, அதற்குரிய மருந்தைத் தொடங்கி விடுதிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை விடுதியின் மூத்த வைத்தியர் அந்த அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, இடது முதுகின் அடியில் அதே வகையான புரோபை வைத்தார். மண்ணீரலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இன்னோர் ஈரல் இருந்தது, அதற்குள் காற்றுப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் தொடங்கிய மருந்து அந்த நியூமோனியாவுக்குப் போதாது. ஓர் இரவு வீணாகிவிட்டது. அந்த அம்மா பிழைத்தார், ஆனால் பத்து நாட்களுக்கு மேல் வைத்தியசாலையில் கிடந்து, அதில் மூன்று நாட்கள் மிக மோசமாக இருந்து, பிறகுதான் வீட்டுக்குப் போனார். மூத்த வைத்தியர் என்னை அழைத்துக் கடிந்துகொள்ளவில்லை. படத்தைக் காட்டி, “எந்தப் பக்கம் பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

படுத்திருக்கும் மனிதரின் நுரையீரலில் நோய் தங்கும் இடம் பெரும்பாலும் பின்பக்கமும் அடிப்பக்கமும் என்பது எனக்குத் தெரியாத செய்தியா? இல்லை. வயதானவர்களுக்கு எச்சிலும் சாப்பாடும் புரையேறிப் போய்ச் சேரும் இடமும் அதுவே. 2008 இன் அந்த ஆய்வே, முன்பக்கம் சுத்தமாகவும் முதுகின் பக்கவாட்டில் மட்டும் கெட்டிப்பட்டும் இருக்கும் கோலத்தை நியூமோனியாவின் கோலங்களில் ஒன்றாகச் சொல்லியிருந்தது. படித்திருந்தேன். ஆளைப் புரட்டத்தான் கை போகவில்லை. முன்பக்கம் வசதியான பக்கம், ஜெல் பூசி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முழுதாகப் பார்க்காத ஸ்கேன் பார்க்காத ஸ்கேனை விட ஆபத்தானது, ஏனென்றால் சந்தேகம் இருக்க வேண்டிய இடத்தில் அது ஓர் உறுதியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

எக்ஸ்ரேயை நான் குறை சொல்ல வரவில்லை. நன்றாக நிற்கக்கூடியவரை நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம் நல்ல படம். எங்களிடம் வருபவர்களில் மோசமானவர்களை அப்படி நிறுத்த முடியாது. கட்டிலில் சாய்ந்தபடி, அரை மூச்சில், முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் இதயம் பெருத்துத் தெரியும், அடிப்பகுதிகள் மங்கிவிடும். மூச்சுத் திணறல் மிக முற்றிய நோயாளர்கள் 32 பேரை வைத்து 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுரையீரல் கெட்டிப்பட்ட இடங்களைக் கண்டறிவதில் ஸ்டெதஸ்கோப்பின் துல்லியம் 36 சதவீதமாகவும், கட்டிலருகே எடுத்த எக்ஸ்ரேயின் துல்லியம் 75 சதவீதமாகவும், ஸ்கேனின் துல்லியம் 97 சதவீதமாகவும் இருந்தன. 2014 இல் பத்து ஆய்வுகளின் 1172 நோயாளர்களைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களின் நியூமோனியாவை ஸ்கேன் 94 சதவீத உணர்திறனோடும் 96 சதவீதத் தனித்தன்மையோடும் காட்டியது, அதாவது நோய் உள்ள நூறு பேரில் 94 பேரை அது தவறவிடவில்லை. இந்த எண்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவை நன்கு பழகிய கைகளின் எண்கள். விடியற்காலை மூன்று மணிக்கு என் கைக்கு அந்த 94 தானாக வந்து சேராது. நான் எத்தனை இடத்தில் புரோபை வைக்கிறேன் என்பதைப் பொறுத்தே வரும்.

கொழும்பு வைத்தியர்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். டெங்கு அதை எங்கள் கைகளில் முன்னரே கொடுத்துவிட்டது. 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள், அதிலும் மேல் மாகாணத்தில்தான் மிகுதி. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க, வலது விலாவின் அடியிலும் வயிற்றிலும் புரோபை வைத்துப் பழகிய வைத்தியர்கள் இங்கே எத்தனையோ பேர். அந்தப் புரோபை ஒரு விலா இடைவெளி மேலே நகர்த்தினால் நுரையீரல் வந்துவிடுகிறது. கருவி இருக்கிறது, கையும் ஓரளவு பழகியிருக்கிறது, பார்க்கும் கேள்வியை மட்டும் மாற்ற வேண்டும். டெங்குவே ஒரு பொறியையும் வைக்கிறது: நெஞ்சுக்குள் கசிந்த நீர் நுரையீரலின் அடியை அமுக்கிச் சுருக்கிவிடும், அந்தச் சுருங்கிய பகுதியும் ஈரலைப் போலவே தெரியும். நீருக்குள் நாக்குப் போல மிதந்து அசையும் அந்தத் துண்டைக் கண்டு நியூமோனியா என்று பதறி மருந்தேற்றிய இளம் வைத்தியர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே புள்ளிகள் ஓடுகின்றனவா, துண்டின் பருமன் குறைந்திருக்கிறதா, காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்தாலும் பீ கோடுகளும் கெட்டிப்பட்ட திட்டுகளும் வரும். வயலில் அல்லது கானில் இறங்கினீர்களா என்ற கேள்வியைத் திரை கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

நெஞ்சுச் சுவரைத் தொடாமல் ஆழத்தில் ஒளிந்திருக்கும் நியூமோனியாவை ஸ்கேன் காட்டாது. நடுவில் ஒரு விரல் அளவு நல்ல நுரை இருந்தாலும் ஒலி அங்கேயே திரும்பிவிடும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ள பகுதி மறைந்தே கிடக்கும். புற்றுக்கட்டியும், இரத்தக்கட்டி அடைத்து மடிந்த நுரையீரல் துண்டும் இதே தோற்றத்தில் வரலாம். அதனால் நோயாளியின் கதையோடு படம் பொருந்தாத இடத்தில் நான் படத்தை நம்புவதில்லை, சீ.ரி. ஸ்கேனுக்கு அனுப்புவேன்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது என் அன்றாட வேலை அல்ல. 2019 இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 7 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகளை நியூமோனியா கொன்றது. குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, ஆகவே படம் மிகத் தெளிவாக விழும், கதிர்வீச்சும் இல்லை. தாயின் தோளில் சாய்ந்திருக்கும் பிள்ளைக்கு முதுகும் தானாகவே நம் பக்கம் இருக்கும். அந்தத் தெளிவிலேயே ஒரு சிக்கலும் உண்டு. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த சின்னத் திட்டுகள் சாதாரண வைரஸ் சளியிலும் தெரியும். அவை ஒவ்வொன்றுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கத் தொடங்கினால் நாம் நல்லது செய்தவர்களாக மாட்டோம்.

இந்தப் பரிசோதனைக்கு உடுப்பை விலக்க வேண்டும். வயதான தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அதற்குக் கூசுவது இயல்பு. திரைச்சீலையை முழுதாக இழுத்துவிட்டு, ஒரு போர்வையால் முன்பக்கத்தை மூடி, முதுகை மட்டும் திறந்து பார்த்தால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. பின்பக்கத்தைப் பார்ப்பதில் இந்த வசதியும் இருக்கிறது என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. ஜெல்லை நேரே தோலில் பிதுக்காமல் உள்ளங்கையில் எடுத்துச் சற்றுச் சூடாக்கிப் பூசுவேன். முடிந்த பிறகு நானே துடைத்துவிடுவேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையில் ரிஷூவைக் கொடுத்துவிட்டு நகர்வது எனக்குப் பொறுக்காது.

போன மழைக்காலத்தில் மட்டக்குளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இதயம் தளர்ந்து நீர்க்குளிசை குடித்து வருபவர். நிமிடத்துக்கு 34 மூச்சு, ஒட்சிசன் 86. “அப்பாவுக்குத் திரும்பத் தண்ணி கட்டிட்டுதோ டொக்டர்?” என்று மகள் கேட்டார். போன தடவை அதுதான் நடந்திருந்தது, ஆகவே நியாயமான கேள்வி. எக்ஸ்ரேயில் இரண்டு பக்க அடியும் வெளுத்திருந்தன. நீர் கட்டியதென்றால் நீரை இறக்கும் ஊசி. தொற்றென்றால் அந்த ஊசி இருக்கும் இரத்த அழுத்தத்தையும் கீழே தள்ளிவிடும். முன்பக்கம் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஏ கோடுகள், பீ கோடுகள் ஒன்றோ இரண்டோ. அவருடைய இதயம் நீர் கட்டும் நிலையில் அன்று இல்லை. “மிஸ்ஸி, கொஞ்சம் பிடியுங்கோ” என்று தாதியிடம் சொன்னேன். இருவருமாக அவரை இடப்பக்கம் சரித்தோம். வலது முதுகின் அடியில் கல்லீரலுக்கு மேலே ஈரல் தெரிந்தது. கிழிந்த விளிம்பும் அதற்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓடும் வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. இடது முதுகில் ஒரு விரல் உயரத்துக்கு நீர், அதற்கு மேல் நல்ல நுரை. இரத்த மாதிரி எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் ஊசி ஏறியபோது அவர் வந்து முப்பத்தைந்து நிமிடங்கள் ஆகியிருந்தன. நீர் ஊசியை அன்று போடவில்லை.

ஐந்தாம் நாள் வேலை முடிந்து போகும் வழியில் விடுதிக்குள் நுழைந்தேன். மூக்கில் சின்னக் குழாயோடு, மகள் கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தார். அனுமதி கேட்டு மறுபடி ஒருதரம் பார்த்தேன். அந்த ஈரல் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அதைச் சுற்றி, முன்பு ஈரல் மட்டுமே தெரிந்த இடத்தில், பீ கோடுகள் மூச்சுக்கு மூச்சு இறங்கிக்கொண்டிருந்தன. “இதென்ன டொக்டர், வெள்ளை வெள்ளையா?” என்று மகள் திரையைப் பார்த்துக் கேட்டார். நுரை திரும்பி வருகிறது என்று சொன்னேன். முதுகைத் துடைக்க நான் ரிஷூவை எடுக்கவும், பிடிக்க வந்த மகளின் கையை விலக்கிவிட்டு அவர் தானாகவே திரும்பிப் படுத்தார்.